எந்தச் சூடு, எவ்வளவு சூடு: பழைய பெயின்ட்டை உரிக்கும் கருவிகள்

ஜூலை மழை இறங்கியதும் டெல்லி ஜனக்புரியில் டெல்லி வளர்ச்சிக் குழுமம் (டிடிஏ) கட்டிய பழைய வீடுகளில் கதவுகள் நிலையில் சிக்கத் தொடங்கும். தச்சரைக் கூப்பிட்டால் விளிம்பை இரண்டு இழைப்பு இழைத்துவிட்டுப் போவார்; கதவும் சாத்தும். ஜனவரியில் மரம் வற்றியதும் அதே விளிம்பில் இடைவெளி விழுந்து குளிர்காற்று வீட்டுக்குள் வரும். ஈரத்தில் மரம் உப்புவது பாதிக் காரணம்தான். 1970களில் உருவாகத் தொடங்கிய காலனி இது. அன்று பொருத்திய நிலைகளின்மேல், வீடு கைமாறும்போதும் வீட்டில் கல்யாணம் வரும்போதும் தீபாவளிக்கு முன்பும் பூசிய எனாமல் அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கிறது. அந்த அடுக்குகளை உரித்தாலே பல கதவுகள் இழைப்புளி படாமல் சாத்தும்.

உரிப்பதற்குத் தேய்ப்பு, ரசாயனம், சூடு என்று மூன்று வழிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டு அறை வீடு முழுக்கத் தூசி. கனத்த எனாமலில் தாளும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காஸ்டிக் சோடா மலிவு. ஆனால் தேக்கைக் கருக்க வைக்கும், பசை போட்ட மூட்டுகளைத் தளர்த்தும், சரியாகக் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட்டையும் உரித்துத் தள்ளும். மெத்திலின் குளோரைடு கலந்த ரிமூவர் நிமிடங்களில் வேலை செய்யும். மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொல்லும் என்பதால் அமெரிக்காவில் 2019-ல் பொதுமக்களுக்கு அதை விற்பதைத் தடை செய்தார்கள். சூட்டின் வசதி வேறு. பெயின்ட் இளகி மரத்தை விட்டு எழும்பும், சுரண்டியில் நான்கைந்து அடுக்கும் சேர்ந்தே பட்டையாக வரும், தூசி குறைவு. அதன் தொல்லைகள்: மரம் கருகலாம், கண்ணாடி வெடிக்கலாம், நிலைக்குப் பின்னால் நெருப்புப் பிடிக்கலாம், ஈயப் புகை எழலாம். கருவியைத் தேர்ந்தெடுப்பது இந்த நான்கையும் வைத்துத்தான்.

ஈயத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் இந்தியாவில் 2016 நவம்பர் 1 அன்று அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசிய எனாமல் எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையில் இறங்குவது நல்லது. மஞ்சள், பச்சை, சிவப்பு என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அந்த நிறங்களுக்கு லெட் குரோமேட் நிறமியைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக ஈய உப்புகளைச் சேர்த்த வெள்ளை எனாமல்களும் உண்டு. டெல்லியில் இயங்கும் டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு, கடையில் வாங்கிய எனாமல் டப்பாக்களைச் சோதித்து, சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இதைச் சொல்லிவந்தது.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். 500 பாகையை நெருங்கும்போது ஆவியாகிக் காற்றில் கலக்கத் தொடங்கும்; பிறகு மெல்லிய துகளாகத் தரையில் படியும். ஈயப் பெயின்ட் இருக்கக்கூடிய பழைய வீடுகளில் திறந்த தீயைக் காட்டக் கூடாது, 1100 பாரன்ஹீட்டுக்கு மேல் ஓடும் ஹீட் கன்னும் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி. நம் கணக்கில் அது 593 பாகை செல்சியஸ். இந்த எண்ணோடு கடைக்குப் போய் ஹீட் கன் பெட்டிகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 600, 650 என்று பெரிய எழுத்தில், அதுதான் பொருளின் பெருமை என்பதுபோல அச்சிட்டிருக்கும். பெயின்ட் உரிக்க வருகிறவருக்கு அந்த உச்ச எண்ணால் பயனில்லை. கருவி எவ்வளவு கீழே இறங்கும், இறங்கிய இடத்தில் அசையாமல் நிற்குமா என்று கேட்க வேண்டும். காசு கொடுப்பது அதற்குத்தான்.

ஈயம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயின்ட்டை மரம்வரை ஒரு கீறல் கீறி, எல்லா அடுக்கும் தெரியும்படி தேய்க்க வேண்டும். மேல் அடுக்கை மட்டும் தேய்த்தால் போன வருடம் பூசியதைத்தான் சோதித்ததாகும். உறுதியான விடை வேண்டுமென்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு சிட்டிகைச் சுரண்டலைக் கொடுக்கலாம். வீட்டில் கைக்குழந்தையோ கருவுற்ற பெண்ணோ இருந்தால் வேலை முடிந்து ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை அவர்கள் வேறு வீட்டில் இருப்பதே சரி. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அங்கே போயிருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. புகை போனாலும் படிந்த தூள் போகாது. மாலையில் திரும்பிவந்து தரையில் விளையாடுகிற குழந்தையின் விரல் வழியாக அது வாய்க்குப் போகும்.

அடுத்து, மேலே இருப்பது சூட்டுக்கு இளகுகிற பூச்சுதானா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் எனாமல் நன்றாக இளகும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்ட் பிசினாகிச் சுரண்டியில் ஒட்டிக்கொள்ளும். பொறுமை இருந்தால் வரும். பழைய மேசை, ஊஞ்சல் பலகை போன்றவற்றில் இருப்பது அரக்குப் பாலிஷாக இருக்கலாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான மூலையில் துடைத்தால் பழுப்பாகக் கரைந்து வரும். அப்படி வந்தால் சூடே வேண்டாம், ஸ்பிரிட்டே போதும். நைட்ரோ செல்லுலோஸ் லேக்கர் பூசிய மரச்சாமான் பக்கம் ஹீட் கன்னைக் கொண்டே போகக் கூடாது. அது சட்டென்று தீப்பற்றும் பூச்சு. தின்னரைத் தொட்டுத் தேய்த்தால் கரைகிறதா என்று பார்த்து அதை அடையாளம் காணலாம். பியு, மெலமைன் பாலிஷ்கள் இளகுவதற்கு முன்பே கருகிவிடும்.

மரத்தையும் பார்க்க வேண்டும். தேவதாரு, சால், தேக்கு என்று திட மரத்தில் செய்த நிலையும் சட்டமும் சூட்டைத் தாங்கும். ஃப்ளஷ் டோர் என்று சொல்கிற வழவழப்பான தட்டைக் கதவு திட மரம் அல்ல. முகத்தில் ஒட்டியிருப்பது பிளைவுட்டோ வெனீரோ. அதில் சூடு ஒரே இடத்தில் நின்றால் அடியிலுள்ள பசை விட்டுக் கொப்புளம் எழும். பிறகு கதவையே மாற்ற வேண்டியதுதான். ஜனக்புரியில் இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருப்பது சகஜம். நிலையைச் சூடு காட்டி உரித்துவிட்டு, அதே வேகத்தில் கதவிலும் இறங்குவதுதான் மிஸ்திரிகள் செய்யும் தவறு. தட்டைக் கதவுக்கு உப்புத்தாளும் தண்ணீரும் போதும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசியும் எழாது.

இனிக் கருவிகள். மூத்தது ப்ளோ லேம்ப். பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, தீநாக்கைப் பெயின்ட்டின்மேல் ஓட்டுவது. மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்பேடுகள் பழைய பெயின்ட்டை அகற்ற ரிமூவர், காஸ்டிக் சோடாவோடு ப்ளோ லேம்ப்பையும் ஒரு வழியாகவே சொல்கின்றன. அரசுக் குடியிருப்புகளில் வேலை பார்த்துப் பழகிய பெயின்டர்களின் கைக்கு அது அத்துபடி. அவர்கள் தீயை ஓரிடத்தில் நிறுத்தவே மாட்டார்கள். இடது கை விளக்கு நகர, வலது கைச் சுரண்டி பின்தொடரும். அந்தக் கைத்திறனை மதிக்கலாம். கருவியைச் சிபாரிசு செய்ய முடியாது. தீநாக்கின் சூடு 1000 பாகையைத் தாண்டும்; ஈயத்துக்கான வரம்புக்கு வெகு மேலே. டெல்லியில் அதற்கு எரிபொருள் தேடுவதும் சிரமம்: 2014-ல் இது மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டது.

அந்த இடத்தைச் சில ஒப்பந்தக்காரர்கள் காஸ் டார்ச்சால் நிரப்பப் பார்க்கிறார்கள். மொட்டை மாடியில் மழைநீர் இறங்காமல் தார் விரிப்பு ஒட்டுவதற்கு வைத்திருக்கும் டார்ச் அது. மாடியில் சிமென்ட் தளத்தின்மேல் அது பொருத்தமான கருவி. மரத்திலும் கண்ணாடியிலும் காட்ட அல்ல. யாராவது அதோடு வந்து நின்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெரும்பாலான வீடுகளுக்கு விடை ஹீட் கன்தான். உள்ளே மைக்கா அல்லது பீங்கான் தாங்கியில் சுற்றிய கம்பிச்சுருள், பின்னால் ஒரு விசிறி. ஊதுகிற காற்றுச் சூடாகி வெளிவரும். சந்தையில் இது இரண்டு குடும்பமாகக் கிடைக்கிறது. ஒன்றில் இரண்டே நிலைகள், 300, 500 என்றோ 350, 550 என்றோ ஒரு ஸ்விட்ச். இதன் கீழ்நிலை பல சமயம் எனாமலுக்குப் போதாது, மேல்நிலை மரத்துக்கு அதிகம். இன்னொன்றில் சக்கரத்தைத் திருப்பியோ பொத்தானை அழுத்தியோ இடைப்பட்ட சூட்டை வைக்கலாம். பாஷ் நிறுவனத்தின் ஜிஹெச்ஜி 20-63 போன்ற 2000 வாட் கருவிகள் 50 முதல் 630 பாகைவரை போகும். பெயின்ட் உரிக்க வாங்குகிறவர் இரண்டாம் குடும்பத்தையே பார்க்க வேண்டும். ஒரு கதவு நிலைக்காக என்றால் முதல் குடும்பத்தின் 1500 வாட் கன்னை வைத்துக் கைத்தூரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். வீடு முழுக்க என்றால் அந்தச் சிக்கனம் கருகிய மரமாகத் திரும்பிவரும்.

டயலில் 450 என்று வைத்தால் பெயின்ட் 450 பாகைக்குச் சூடாகிவிடும் என்பதில்லை. அந்த எண் மூக்கின் வாயிலில் வரும் காற்றின் சூடு. மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து நகர்த்தும்போது பெயின்ட்டின் மேற்பரப்பு அதற்கு வெகு கீழே இருக்கும். எனாமல் இளகுவதற்கும் அவ்வளவு தேவையில்லை. 350-ல் தொடங்கி, பெயின்ட் சுருங்கிக் குமிழ் விடுகிறதா என்று பார்த்து, மெல்ல ஏற்றுவது முறை. குமிழ் விட்டதும் சூட்டை முன்னே நகர்த்திவிட வேண்டும். புகை வந்தால் அது எரிகிறது என்று பொருள். உடனே விலக்க வேண்டும். ஐயமிருந்தால் தொழிற்சாலைகளில் பயன்படும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பெயின்ட்டின் சூட்டை அளக்கலாம். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்ட வாங்கிய கருவி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் காய்ச்சலோடு முடிந்துவிடும்.

மூக்குகளும் முக்கியம். பெட்டியில் அகலத் தட்டை மூக்கு இருந்தே ஆக வேண்டும். கண்ணாடி பதித்த சட்டமென்றால் ஒரு பக்கம் மறைப்பு நீட்டிய மூக்கு வேண்டும். சூட்டைச் சட்டத்தின் பக்கம் திருப்பிக் கண்ணாடியை அது காக்கும். ஒரு பக்கம் மட்டும் சூடேறும் பழைய கண்ணாடி, குறிப்பாகக் குளிர்கால காலை வேளையில், எச்சரிக்கையில்லாமல் விரிசல் விடும்.

வாட் எவ்வளவு என்று பார்க்கும்போதே சுவரையும் பார்க்க வேண்டும். நம் வீட்டுச் சிறிய பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். 2000 வாட் ஹீட் கன் இழுப்பது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். 1500 வாட் கன்கூட 6 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஆகவே கீசருக்கும் ஏசிக்கும் போட்ட 16 ஆம்பியர் பெரிய பிளக்தான் இதற்கு இடம். கன்னில் மூன்று முள் பெரிய பிளக் இருந்தால் அதை வெட்டிச் சின்னதாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லலாம். 1970களில் கட்டிய வீடுகளில் அலுமினிய ஒயர் ஓடுவதும் உண்டு. அதன் இணைப்புகள் காலப்போக்கில் தளர்ந்திருக்கும், தொடர்ந்து பளு இழுத்தால் சூடேறும். எக்ஸ்டென்ஷன் தேவையென்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குக் குறையாததாக, சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டு ஓட்ட வேண்டும். மின்கட்டணம் பெரிய செலவல்ல: 2000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்.

இன்ஃப்ராரெட் கருவி ஹீட் கன்னுக்கு நேர்மாறான குணம் கொண்டது. காற்றை ஊதாது, குவார்ட்ஸ் குழாய்களின் கதிர் பெயின்ட்டையும் அதன் அடியிலுள்ள மரத்தையும் ஒரு கைப்பலகை அகலத்துக்கு ஒரே சீராகச் சூடாக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அடுக்குகள் எல்லாம் தளர்ந்து வரும். மேற்பரப்பின் சூடு 200 முதல் 300 பாகைக்குள் நிற்பதால் ஈயம் ஆவியாகும் ஆபத்துக் குறைவு, மரமும் அவ்வளவு எளிதில் கருகாது. ஸ்வீடனில் பிறந்த ஸ்பீட்ஹீட்டர் இந்த வகையில் பெயர்பெற்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஜன்னல்களைப் பழுது பார்ப்பவர்கள் இறுகிய லப்பத்தை இளக்கிக் கண்ணாடியை உடையாமல் கழற்றவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிமேல் அலுமினியத் தாள் போர்த்திவிட்டால் போதும். குறைகள்: கனம், மூலைகளில் நுழையாமை, ஹீட் கன்னைப் போலப் பல மடங்கு விலை, அதோடு இங்கே சாதாரணக் கடைகளில் கிடைக்காமை. ஒரு வீட்டுக்காக இறக்குமதி செய்வது வீண். பழைய வீடுகளைப் புதுப்பிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு மட்டும் கணக்குச் சரிப்படும்.

இன்னொரு வழி நீராவி. அது 100 பாகையைத் தாண்டாது. அதனால் ஈயப் பயம் இல்லை, தீப் பயமும் இல்லை. ஆனால் மரம் நனையும், நார் எழும்பும், காய நாளாகும். திட மரத்துக்கும் ஜன்னல் லப்பத்துக்கும் பரவாயில்லை. ஒட்டுப்பலகைக்கு ஆகவே ஆகாது.

சிற்ப வேலைப்பாடு ஒரு தனி விஷயம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலிருந்து வாங்கிய செட்டிநாட்டுத் தேக்குக் கதவோ தூணோ, டெல்லியில் தமிழர் வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேரும். அதன்மேல் யாரோ என்றோ பூசிய பச்சை எனாமல் இருந்தால் ஹீட் கன்னை எடுக்கக் கை துறுதுறுக்கும். இலைக்கொடியின் மேல்விளிம்பு முதலில் சூடாகிக் கருகும். பள்ளத்திலிருக்கும் பெயின்ட் அப்போதும் இளகியிருக்காது. தட்டையான பரப்பில் மட்டும் சூடு காட்டி, செதுக்கலுக்கு ஜெல் ரிமூவரும் மூங்கில் குச்சியும் பயன்படுத்துவதே வழி. இரும்புச் சுரண்டி அங்கே நுழையக் கூடாது.

கருவியை வாங்க ஜனக்புரியிலிருந்து நீலத் தடத்தில் ஏறி ராஜீவ் சவுக்கில் மாறி, சாவ்ரி பஜாரில் இறங்கினால் வன்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். இணையத்தில் விலை குறையலாம். கடையில் கையில் பிடித்துப் பார்க்கலாம். அரை மணி நேரம் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டிய பொருள் என்பதால் எடையும் பிடியும் பெட்டியின் எண்களைவிடப் பெரிய விஷயம். மேசையில் மூக்கு வானம் பார்க்க நிமிர்த்தி வைத்தால் தள்ளாடாமல் நிற்கிறதா, ஹீட்டரை நிறுத்திவிட்டுக் குளிர்காற்று மட்டும் ஊதும் நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் குளிர்காற்று ஓட்டாமல் அணைத்தால் சுருளின் ஆயுள் குறையும். சூடாக இருக்கும்போது கீழே விழுந்தால் உள்ளே பீங்கான் உடையும். மேஸ்திரி சொந்தக் கருவி கொண்டுவருகிறார் என்றால் அதன் சூட்டு வரம்பை முதலில் கேட்டுவிட வேண்டும்.

வேலை நாளில் ஜன்னல் கூலரைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். கோடையில் காய்ந்த அதன் புல் மெத்தை பொறி பட்டால் போதும். நிலைக்கும் செங்கல்லுக்கும் இடையே இருக்கும் சந்தில் பழைய காகிதமும் குளவிக்கூடும் கரையான் மண்ணும் அடைந்திருக்கும்; ஊதும் காற்று சூட்டை அங்கேதான் கொண்டுபோகும். கனன்றுகொண்டிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் புகைவது உண்டு. அதனால் மாலை நான்கு மணிக்கே கன்னை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆள் இருக்கும்போதே சந்துகளை முகர்ந்தும் தொட்டும் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

குளிர்காலப் புகைக்காக டெல்லிவாசிகள் அலமாரியில் வைத்திருக்கும் என்95 முகமூடி தூசிக்குச் சரி. இளகும் பெயின்ட்டின் ஆவிக்கு அது போதாது. பி100 வடிகட்டியும் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் மாட்டும் அரைமுகக் கவசமே தேவை. உரிந்த பட்டைகள் கீழே விரித்த கனமான பிளாஸ்டிக் தாளிலேயே விழ வேண்டும். துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் கூட்டி எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, சமையலறைக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். பெயின்ட் டப்பாவையே வீட்டு அபாயக் கழிவாகப் பட்டியலிட்டன 2016-ன் திடக்கழிவு விதிகள். ஈயச் சுரண்டல் அதைவிட மோசமான சரக்கு. குளிருக்குக் காவலாளி மூட்டும் தீயில் அதைப் போடுவது, ஹீட் கன்னில் தப்பிய ஈயத்தை அவர் மூச்சுக்குள் அனுப்புவதாகும்.

உரித்த மரத்தை 120 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு வுட் பிரைமர் அடிக்கலாம். மழைக்காலத்தில் அடித்தால் உப்பிய மரத்தின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அக்டோபர் வறட்சியே டெல்லியில் இதற்கு நல்ல பருவம். கதவை நிலையில் மாட்டி, சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எனாமல் டப்பாவைத் திறக்க வேண்டும். புது டப்பாவின் மேல் ஈயம் 90 பிபிஎம்முக்குள் என்று அச்சிட்டிருக்கும். அது இல்லாத டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடலாம்.